‘கன்சென்ட்’ யாருடைய வினை?

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாகர்கோவிலில் அனைவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி மழை விட்ட பிறகு குறைந்திருக்கிறது. உன் நலமும், உன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல்.

உன் கேள்விக்கு வருகிறேன். நீ செவிலியராக வேலை பார்க்கும் பிரிட்டன் மருத்துவமனை வார்டில் மூத்த செவிலியர் ‘ஹேஸ் பெட் ஃபோர் பீன் கன்சென்டட்?’ (நான்காம் கட்டில் நோயாளியிடம் ஒப்புதல் வாங்கியாயிற்றா?) என்று கேட்டபோது ஒரு கணம் உனக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே கல்லூரியில் படித்தபோது ‘கன்சென்ட்’ என்றால் அறுவைச் சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கும் தாள். அங்கே அது வினையாகிவிட்டது; அதுவும் நோயாளியின்மேல் செய்யப்படும் வினையாக. அதே நாளில் ‘பிளீப்’ (மருத்துவரை அழைக்கும் சிறு கருவி), ‘ஸ்வாப்’ (ஒற்றியெடுக்கும் பஞ்சு), ‘சார்ட்’ (நோயாளியின் அட்டவணை) என்று நீ பொருள்களின் பெயராக மட்டும் அறிந்திருந்த சொற்களெல்லாம் கட்டளைகளாக வந்து விழுந்தன என்றாய். பள்ளியில் நடத்துவதுபோல் இதை எழுதி அனுப்பு அம்மா, ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் காட்டுகிறேன் என்றும் கேட்டிருந்தாய். ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்டால் சுருக்கமாக எழுத வருமா? விடுமுறை நாளில் உட்கார்ந்து படி.

ஆங்கிலத்தில் ஒரு சொல் பெயரா வினையா என்பதை அந்தச் சொல்லைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அது வாக்கியத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்க் காது இதற்குப் பழகியதில்லை. நம் இலக்கணத்தில் பெயர் வேற்றுமை உருபை ஏற்கும், வினை காலம் காட்டும். ‘பாட்டை’ என்றால் பெயர், ‘பாடினாள்’ என்றால் வினை. சொல்லின் வாலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வாக்கியத்தில் அதை எங்கே தூக்கி வைத்தாலும் பொருள் கெடாது. ஆங்கிலச் சொல்லுக்கு அந்த வால் அறுந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன.

அறுந்தது என்று சொல்வது வெறும் பேச்சுக்காக அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் அன்பு என்ற பெயர் ‘லுவு’; அன்பு செய்தல் ‘லுவியன்’. இரண்டும் வேறு வேறு வடிவங்கள், நம் சொற்களைப் போலவே ஈறு பார்த்துப் பிரித்துவிடலாம். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் அந்த ஈறுகள் தேய்ந்து மறைந்தன. (தேய்வு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, படையெடுப்பு மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள்.) ‘லுவு’வின் வாலும் போனது, ‘லுவியன்’ வாலும் போனது. மிஞ்சியது ஒரே ‘லவ்’. உறக்கமும் உறங்குதலும் ‘ஸ்லீப்’ ஆனதும், விடையும் விடையளித்தலும் ‘ஆன்சர்’ ஆனதும் இதே வழியில்தான். இப்படிப் பெயரும் வினையும் ஒரே உருவில் நடமாடத் தொடங்கியதும், மக்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. புதிதாக வரும் எந்தப் பெயரையும் அப்படியே வினையாக்கலாம், ஒட்டு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

இது நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. எட்டாம் வகுப்பில் முதனிலைத் தொழிற்பெயர் என்று படித்தாயே, நினைவிருக்கிறதா? அடி, இடி, வெட்டு, உதை. ‘அவனுக்கு அடி விழுந்தது’ என்பதில் பெயர். ‘பந்தை அடி’ என்பதில் வினை. உன் தொழிலிலேயே ஒன்று இருக்கிறது: ‘காலில் கட்டு போட்டிருக்கிறது’, ‘இறுக்கமாகக் கட்டு’. ஆனால் நம் வினையடி பெரும்பாலும் ஏவலில்தான் இப்படி வெறுமனே நிற்கும். கட்டினாள், கட்டுகிறாள், கட்டுவாள் என்று காலம் வந்து ஒட்டியதும் ஐயம் தீர்ந்துவிடும். ஆங்கில வினைக்கு அப்படி ஒட்டுவதற்கு இருப்பவை மிகச் சில. அவற்றிலும் ‘எஸ்’ பெயரின் பன்மைக்கும் வந்துவிடுகிறது. ‘இங்’ ஒட்டிய ‘டிரஸ்ஸிங்’ மறுபடியும் ஒரு பெயராகி, புண்மேல் போடும் கட்டாக உன் கையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஆகவே இடம். ‘தி’, ‘எ’, ‘மை’, ‘ஹிஸ்’, ‘திஸ்’ போன்றவற்றுக்குப் பின்னால் வந்தால் பெயர். ‘வில்’, ‘கேன்’, ‘மஸ்ட்’, ‘டோன்ட்’ போன்றவற்றுக்குப் பின்னால் வந்தால் வினை. ‘தி டிரஸ்ஸிங் நீட்ஸ் எ சேஞ்ச்’ என்பதில் ‘சேஞ்ச்’ பெயர். முன்னால் ‘எ’ நிற்கிறது. ‘யூ மஸ்ட் சேஞ்ச் தி டிரஸ்ஸிங்’ என்பதில் வினை. ‘டு’ மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும். ‘ஹீ வான்ட்ஸ் டு வொர்க்’ என்றால் வேலை செய்ய விரும்புகிறான். ‘ஹீ வென்ட் டு வொர்க்’ என்றால் வேலைக்குப் போனான். முதலாவது வினை, இரண்டாவது பெயர். இங்கே ‘டு’வை நம்பாமல் அதற்கு முந்திய வினையைப் பார்க்க வேண்டும். போனான் என்றால் போவதற்கு ஓர் இடம் வேண்டும். விரும்பினான் என்றால் விரும்புவதற்கு ஒரு செயல் வேண்டும்.

சில வாக்கியங்களை இடம்கூடத் தீர்த்துவைக்காது. ‘ஐ ஹெர்ட் ஹர் காஃப்.’ அவளுடைய இருமலைக் கேட்டேன் என்றும் கொள்ளலாம், அவள் இருமுவதைக் கேட்டேன் என்றும் கொள்ளலாம். நல்லவேளை, இரண்டுக்கும் செவிலியர் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

உண்மையான சிக்கல் நோயாளிக் குறிப்பேட்டில் இருக்கிறது. அவசரத்தில் எழுதும்போது முதலில் விழுந்துபோவது இந்தச் சின்னச் சொற்கள்தான்: ‘தி’, ‘எ’, ‘இஸ்’, ‘ஹீ’. அவைதானே வழிகாட்டிகள்! ‘டிரெயின்ஸ் வெல்’ என்று ஒருவர் எழுதிவைத்தால், வடிகுழாய்கள் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றனவா, அல்லது ஒரு குழாயில் நன்றாக வடிகிறதா? அடுத்த முறைப்பணிக்கு வருபவர் எப்படியும் படிக்கலாம். இரவுப் பணியில் தூக்கக் கலக்கத்தோடு படிப்பவர் தவறாகவே படிக்கலாம். நீ எழுதும்போது அந்த ‘தி’யையும் ‘ஆர்’ஐயும் விட்டுவிடாதே, மக்களே. அவற்றை எழுத இரண்டு விநாடிதான் ஆகும். மற்றவர்கள் எழுதவில்லையே என்று பார்க்காதே.

அடுத்து உச்சரிப்பு. தமிழர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் நாம் எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்லிப் பழகியவர்கள். இரண்டசைச் சொற்கள் பலவற்றில், பெயரானால் முதல் அசையில் அழுத்தம், வினையானால் இரண்டாம் அசையில் அழுத்தம். கோப்பைக் குறிக்கும்போது ‘ரெக்’ என்பது ஓங்கி ஒலிக்கும். பதிவு செய்தலைக் குறிக்கும்போது முன்னால் இருப்பது ‘ரி’ என்று மெலிந்து, ‘கார்ட்’ ஓங்கும். நாம் இரண்டையும் ‘ரெக்கார்டு’ என்கிறோம். உன் வார்டில் இந்த வரிசையில் வருபவை நிறைய: ‘டிரான்ஸ்ஃபர்’, ‘டிரான்ஸ்பிளான்ட்’, ‘இம்பிளான்ட்’, ‘இன்சர்ட்’, ‘இன்கிரீஸ்’, ‘டிஸ்சார்ஜ்’. தொலைபேசியில் பேசும்போது இது முகம் பார்த்துப் பேசும்போதைவிட முக்கியம். மறுமுனையில் இருப்பவர் உன் உதட்டைப் பார்க்க முடியாது. அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை வைத்துத்தான் அவர் சொல்லைப் பிடிக்கிறார். சொல்லை மாற்றி அழுத்தினால் அவருக்கு அது வேறு சொல்லாகவே கேட்கும், நீ எத்தனை முறை திருப்பிச் சொன்னாலும்.

ஆனால் எல்லா இரண்டசைச் சொல்லும் இந்த வழிக்கு வராது. ‘ரிப்போர்ட்’, ‘ரிசல்ட்’, ‘ரிக்வெஸ்ட்’, ‘சப்போர்ட்’, ‘கன்ட்ரோல்’ ஆகியவை பெயரானாலும் வினையானாலும் இரண்டாம் அசையில்தான் அழுந்தும். ‘கன்சென்ட்’டும் அந்தக் கூட்டம்தான். அதனால்தான் அன்று உன் காதுக்கு எந்தக் குறிப்பும் கிடைக்கவில்லை. உன் ஆங்கிலத்தில் குறை ஒன்றும் இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும், வகுப்பில் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். தமிழில் பேசு என்ற வினை பேச்சு என்று பெயராகும். எழுது, எழுத்து. பாடு, பாட்டு. உரக்கச் சொல்லிப் பார். வினையில் கடைசி மெய் மெல்ல ஒலிக்கிறது, பெயரில் இரட்டித்து வன்மையாகிறது. இப்போது ஆங்கிலத்துக்கு வா. ‘யூஸ்’ பெயரானால் கடைசி ஒலி பாம்பு சீறுவதுபோல் காற்றாக மட்டும் வரும். வினையானால் அதே இடத்தில் தொண்டை அதிரும், வண்டு போல் ரீங்கரிக்கும். ‘ஹவுஸ்’, ‘அப்யூஸ்’, ‘எக்ஸ்கியூஸ்’ எல்லாம் அப்படியே. ‘அட்வைஸ்’ என்று நாம் ஒன்றாக எழுதுவது அங்கே இரண்டு சொல்: பெயருக்குச் ‘சி’ எழுத்தும் சீறும் ஒலியும், வினைக்கு ‘எஸ்’ எழுத்தும் அதிரும் ஒலியும். ‘பிலீஃப்’ என்ற நம்பிக்கை ‘பிலீவ்’ என்று நம்புதலாகும்போதும், ‘பிரூஃப்’ ‘பிரூவ்’ ஆகும்போதும் அதே கதை. பெயரில் வன்மை, வினையில் மென்மை!

இரண்டு மொழிக்கும் இதில் உறவு ஒன்றும் இல்லை, தேடாதே. நாம் பெயராக்குவதற்காக மெய்யை இரட்டிக்கிறோம். அவர்களுக்கு நடந்தது வேறு: பழைய ஆங்கிலத்தில் வீடு என்ற பெயர் ‘ஹூஸ்’ என்று அந்த ஒலியோடு முடிந்தது. வினையில் அதற்குப் பின்னால் ஈறு வந்ததால் அந்த ஒலி இரண்டு உயிர்களுக்கு இடையில் சிக்கி அதிரத் தொடங்கியது. பிறகு ஈறு போய்விட்டது, அதிர்வு மட்டும் தங்கிவிட்டது. வழி வேறாக இருந்தாலும் முடிவு ஒன்றுபோல் இருப்பதால், தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை ‘பேசு–பேச்சு’ வழியாகச் சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் நீ ஒவ்வொரு நாளும் எழுதும் இணை ஒன்று இருக்கிறது. மூச்சு என்ற ‘பிரெத்’; மூச்சுவிடு என்ற ‘பிரீத்’. வினைக்குக் கடைசியில் ஒரு ‘இ’ எழுத்து உண்டு, உயிரொலி நீளும், கடைசி ஒலி அதிரும். ‘ஷார்ட் ஆஃப் பிரெத்’ என்று எழுத வேண்டிய இடத்தில் வினையை எழுதிவிடும் பழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. ‘பாத்’துக்கும் ‘பேத்’துக்கும் இதே விதி, ஆனால் பிரிட்டனில் குழந்தையைக் குளிப்பாட்டுவதற்குப் பெயரையே வினையாக்கிச் சீறும் ஒலியோடு சொல்வார்கள். வார்டில் கேட்டிருப்பாய்.

எழுத்தில் மட்டும் வேறுபட்டு ஒலியில் வேறுபடாத இரண்டையும் தேர்வுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடு. பிரிட்டிஷ் வழக்கில் ‘பிராக்டிஸ்’ பெயரானால் ‘சி’, வினையானால் ‘எஸ்’. ‘லைசென்ஸ்’ அதேபோல். நினைவில் வைக்க ‘அட்வைஸ்’ இணையைப் பிடித்துக்கொள்ளச் சொல். அங்கே காது காட்டிக்கொடுக்கும், அதே எழுத்து இங்கும். அமெரிக்கர்கள் இந்தத் தொல்லையை விட்டுவிட்டார்கள்: முதல் சொல்லுக்கு எப்போதும் ‘சி’, இரண்டாவதற்கு எப்போதும் ‘எஸ்’. உன் தம்பி அனுப்பும் கடிதங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

தம்பி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டங்களில் ‘டேபிள்’ என்பதை வினையாகச் சொல்வார்கள். பிரிட்டனில் அதன் பொருள், விவாதத்துக்கு மேசைமேல் வை என்பது. அமெரிக்காவில் அதன் பொருள், இப்போதைக்கு ஒத்திப்போடு என்பது. நேர் எதிர்! இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளும் நெடுநேரம் சண்டையிட்டதையும், இரு தரப்புக்கும் வேண்டியிருந்தது ஒன்றே என்று பிறகு தெரிந்ததையும் சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார். பெயரில் குழப்பமில்லை, மேசை எங்கும் மேசைதான். அதை வினையாக்கும்போது மேசையை வைத்து என்ன செய்வது என்பதை ஒவ்வோர் ஊரும் தனியாக முடிவு செய்கிறது.

ஒரு பொருளின் பெயரை வினையாக்கினால் அதை வைத்து என்ன செய்வதாகப் பொருள் என்று எந்த விதியும் சொல்லாது. உலக அறிவுதான் சொல்லும். ‘பாட்டில்’ என்ற வினை புட்டியில் ஊற்றுவது. ‘பிளாஸ்டர்’ மேலே பூசுவது. ‘ஸ்கின்’ என்பதோ தோலைச் சேர்ப்பதன்று, உரிப்பது. ‘டஸ்ட்’ இரண்டுக்கும் வரும்: மேசையை என்றால் தூசியைத் துடைப்பது, கேக்கின்மேல் சர்க்கரையை என்றால் தூசியாகத் தூவுவது. உடலுறுப்புகளை அவர்கள் வினையாக்கும் விதத்தைப் பார்த்தால் உனக்கு வேடிக்கையாக இருக்கும், நீ எல்லா உறுப்புகளின் பெயரையும் மனப்பாடமாகப் படித்தவள். ‘ஹேண்ட்’ எடுத்துக் கொடுப்பது. ‘ஷோல்டர்’ சுமப்பது. ‘எல்போ’ இடித்து ஒதுக்குவது. ‘ஸ்டமக்’ சகித்துக்கொள்வது, பெரும்பாலும் முடியாது என்று சொல்வதற்கே வரும். ‘ஃபுட்’ பில்லைக் கட்டுவது. ‘ஃபேஸ்’ எதிர்கொள்வது. நாம் கைகொடு, தோள்கொடு என்று ஒரு வினையைத் துணைக்கு அழைத்துக்கொள்வோம். அவர்களுக்கு உறுப்பே போதும்.

ஆட்களின் பெயர் வினையாகும்போது சமுதாயம் அவர்களை எப்படிப் பார்த்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. ‘மதர்’ என்ற வினைக்குப் பொருள் அரவணைத்து வளர்ப்பது. ‘ஃபாதர்’ என்ற வினைக்குப் பொருள் பெரும்பாலும் பிள்ளைக்குத் தகப்பன் ஆவது, அத்தோடு சரி. வளர்ப்பு அதற்குள் இல்லை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாத்தூர் தொட்டிப்பாலம் முழுக்க நடந்த உன் அப்பாவுக்கு இது அநியாயம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ‘டாக்டர்’ வினையானால் மருத்துவம் பார்ப்பது என்ற பொருள் ஓரமாக இருக்க, ஆவணத்தைத் திருத்தி ஏமாற்றுவது என்ற பொருள்தான் இன்று முன்னே நிற்கிறது. ‘நர்ஸ்’ வினையானால்? பாலூட்டுவது, பேணுவது, அருகிருந்து நலமாக்குவது. பகையை ‘நர்ஸ்’ செய்கிறார்கள் என்றுகூடச் சொல்வார்கள், அதிலும் பொருள் நெஞ்சில் வைத்து வளர்ப்பதுதான். இத்தனை பணிகளின் பெயர்களில் இவ்வளவு அன்பான வினையானது உன் பணியின் பெயர். இதை நீ அறிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நம் பிள்ளைகள் இதில் தடுமாறுவதற்கு நம் மொழியே ஒரு காரணம் என்பது என் அனுபவம். ஆங்கில வினை எதுவானாலும் தமிழில் வரும்போது நாம் அதைப் பெயர் மாதிரி வைத்துக்கொண்டு பின்னால் ‘செய்’ சேர்த்துவிடுகிறோம். டிஸ்சார்ஜ் செய்தார்கள், செக் செய்தேன், அட்மிட் செய்தோம். ‘அட்மிட்’ பொது ஆங்கிலத்தில் பெயராக வருவதில்லை. அதன் பெயர் ‘அட்மிஷன்’. நம் வாயில் அதுவும் பெயர் போல் உட்கார்ந்து, செய் என்ற வினைக்காகக் காத்திருக்கிறது. இப்படி எல்லா ஆங்கிலச் சொல்லும் பெயராகவே நமக்குள் சேர்ந்திருப்பதால், ஆங்கிலத்தில் பேசும்போது அவற்றை நேரடியாக வினையாக்கக் கூச்சப்பட்டு ‘டூ’ என்று தொடங்குகிறோம். வங்கிப் பணியாளர்கள், பயண முகவர்கள் என்று எவர் பேச்சிலும் இந்த ‘டூ’ காதில் விழும். தேர்வுப் பிள்ளைகள் பேச்சுத் தேர்வுக்குப் போகுமுன் இந்த ஒன்றைக் கவனித்துத் திருத்திக்கொண்டால் பேச்சே வேறாகிவிடும். ‘ஐ வில் டூ எ செக்’ தவறில்லை. ஆனால் ‘ஐ வில் செக் யுவர் டெம்பரேச்சர்’ என்று நேராகச் சொல்லும்போது நோயாளிக்கு நம்பிக்கை வரும்.

பெயரை வினையாக்குவதே கெட்ட ஆங்கிலம் என்று சொல்பவர்கள் உனக்கு அங்கும் கிடைப்பார்கள். இந்தப் புகார் மிகப் பழையது. 1789 டிசம்பரில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டருக்குக் கடிதம் எழுதி, ‘நோட்டீஸ்’, ‘அட்வகேட்’, ‘புரோகிரஸ்’ ஆகியவற்றை வினையாக்குகிறார்கள், இதைக் கண்டிக்க நீங்கள் துணை வர வேண்டும் என்று கேட்டார். அந்த மூன்றும் இன்று எல்லாரும் எழுதும் வினைகள். 2006இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ‘கூகுள்’ என்ற நிறுவனப் பெயரையே வினையாக ஏற்றுக்கொண்டது. ‘ஸ்வாப்’, ‘பிளீப்’ எல்லாம் இந்த ஓட்டத்தில் வந்தவை. வேலைக்கு உதவுகின்றன, பொருள் தெளிவாக இருக்கிறது, எவருக்கும் கேடில்லை. தயங்காமல் சொல்.

‘கன்சென்ட்’டை மட்டும் நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அது பெயரிலிருந்து புதிதாக வினையானதன்று. தொடக்கத்திலிருந்தே வினையாகவும் இருந்தது. லத்தீனில் ‘உடன்’ என்பதும் ‘உணர்’ என்பதும் சேர்ந்த சொல். அந்த வினையைச் செய்பவர் நோயாளி. ‘தி பேஷன்ட் கன்சென்டட் டு தி ஆபரேஷன்’ என்றால் நோயாளி அறுவைச் சிகிச்சைக்கு உடன்பட்டார். இதுதான் பொது வழக்கு. மருத்துவமனை வழக்கில் என்ன நடந்தது? தாளுக்கும் அந்த நடைமுறைக்கும் ‘கன்சென்ட்’ என்று பெயராயிற்று. பிறகு அந்தப் பெயரிலிருந்து இன்னொரு வினையை எடுத்தார்கள். தையலிடு, கட்டுப்போடு என்பதுபோல், கன்சென்ட் வாங்கு. இந்தப் புதிய வினையைச் செய்பவர் மருத்துவர். நோயாளி செயப்படுபொருள். ‘ஹேஸ் பெட் ஃபோர் பீன் கன்சென்டட்’ என்னும்போது அந்த நோயாளியும் மறைந்து, கட்டில்தான் மிஞ்சுகிறது.

இதைத் தமிழில் சொல்ல முயன்றால் கோளாறு பளிச்சென்று தெரியும். ‘உடன்படு’ என்பது வினை. அதன் முதனிலை திரிந்து ‘உடன்பாடு’ என்ற பெயர் வருகிறது. நோயாளி உடன்பட்டார் என்று சொல்லலாம். மருத்துவர் நோயாளியை உடன்பட்டார் என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான். நோயாளியைச் செயப்படுபொருளாக்க வேண்டுமானால் ‘உடன்படுத்தினார்’ என்று பிறவினைக்குத்தான் போக வேண்டும். உடன்படுத்துவது என்றால் என்ன? இணங்கவைப்பது. மருத்துவச் சட்டம் எதைச் செய்யக்கூடாது என்கிறதோ அதற்கு மிக அருகில் வந்துவிடுகிறது அந்தச் சொல்.

நீதான் பயிற்சி வகுப்பில் கேட்டதாக 2015ஆம் ஆண்டு பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி எனக்குச் சொன்னாய். நோயாளியின் நிலையில் இருக்கும் ஒருவர் எந்த ஆபத்தைப் பொருட்படுத்துவாரோ அதையும், வேறு சிகிச்சை வழிகள் இருந்தால் அவற்றையும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. முடிவெடுப்பவர் நோயாளி என்பதுதானே அதன் சாரம்? அப்படியிருக்க, வாக்கியத்தில் எழுவாயாக நிற்க வேண்டியவரை இழுத்துப் பின்னால் நிறுத்தும் ஒரு வினையை நான் எப்படி ஏற்பேன்? சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவசரத்தில் சொல்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு நாளைக்குப் பல முறை ஒரு மனிதரைச் செயப்படுபொருளாகச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு, அவர் எழுவாய் என்பது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகும். அதைத்தான் அஞ்சுகிறேன்.

மூத்தவர்களைத் திருத்தப் போகாதே. புதிதாகச் சேர்ந்தவள் அதைச் செய்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். அவர்கள் அப்படிக் கேட்டால் பொருள் புரிந்துகொண்டு, உன் பதிலில் சரியான வடிவத்தை வை. ‘எஸ், ஹீ ஹேஸ் கன்சென்டட்’ என்று சொல். ‘பீன்’ என்ற ஒரு சொல் குறையும், நோயாளி எழுவாயாகிவிடுவார். குறிப்பேட்டில் நீ எழுதும்போது நோயாளி உடன்பட்டார் என்றோ, உடன்பாடு பெறப்பட்டது என்றோ எழுது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நேரான வடிவம் இருக்கிறது, ‘கன்சென்டட் டு’, ‘கன்சென்ட் ஒப்டெய்ன்ட்’. அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுது. தாளில் கையெழுத்து இருந்தும் அவர் உன்னிடம் ‘எதற்கு இந்த ஆபரேஷன்?’ என்று கேட்டால், உடனே மருத்துவரிடம் போய்ச் சொல். அப்போது பெயர் இருக்கிறது, வினை இன்னும் நடக்கவில்லை என்று பொருள்.

தேர்வுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். ‘டிரெயின்’, ‘காஃப்’, ‘டிஸ்சார்ஜ்’, ‘ரெக்கார்ட்’, ‘பிரெத்’, ‘கன்சென்ட்’ ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் எழுதி, உரக்கப் படித்துக் குரல்பதிவு செய்து எனக்கு அனுப்பச் சொல். ‘டிஸ்சார்ஜ்’ பெயரானால் புண்ணிலிருந்து வடியும் சீழும் ஆகும், நோயாளி வீட்டுக்குப் போவதும் ஆகும். இரண்டுக்கும் தனித்தனி வாக்கியம் வேண்டும். அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்டுத் திருத்தி அனுப்புகிறேன். பகல் நேரம் எனக்கு ஓய்வுதான்.

வார்டில் புதிதாக எந்தப் பெயராவது வினையாகிக் காதில் விழுந்தால் சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி அனுப்பு. யார் யாரிடம் சொன்னது என்பதையும் குறித்துவை.

இப்படிக்கு,
உன் அம்மா